நாற்பத்தோராம் வாத்து

மற்ற ஊர்களுக்கெல்லாம் சிங்கம், கழுகு, வாள் என்று மிரட்டலான சின்னங்கள் வாய்த்திருக்கின்றன. எங்கள் ஊருக்கு வாய்த்தது வாத்து. வாய்க்கால் வெட்டிய காலத்தில் வரைபடத்தை எலி தின்றுவிட்டதாம். வேறு வழியில்லாமல் ஒரு வாத்து நடந்துபோன தடத்திலேயே வெட்டிக்கொண்டு போனார்களாம். வாய்க்கால்கள் போகிற கோணலைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. பாலத்தூண், விளக்குக் கம்பம், சாக்கடை மூடி என்று ஊர் முழுக்க இரும்பு வாத்துகள், மொத்தம் அறுபத்து நான்கு. நீதிமன்ற வாசலில் ஒன்று தாழ்வாக உட்கார்ந்திருப்பதால், நீதிபதியே அதன் வாலுக்குக் கீழே குனிந்துதான் உள்ளே போவார்.

இதையெல்லாம் பார்க்க வருகிறவர்களை நான் இருபத்திரண்டு வருடமாகப் படகில் ஏற்றி இறக்குகிறேன். எட்டுப் பேர் உட்காரும் படகு. ஒருவர் வலை போட்டு வாய்க்காலில் குப்பை பிடிக்க வருவார். உடைந்த குடை ஒன்று சிக்கியதும் குழந்தை பிறந்த மாதிரி எல்லோருக்கும் காட்டுவார். ஒரு ஜோடி கல்யாண உடையோடு தண்ணீர் சைக்கிள் மிதிக்கும். ஒரு பெண் ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் ஒரே ஒரு தடவை கைதட்டி, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு போனாள். எல்லாம் ஒரே சத்தம்தானே என்றேன். காதில் மாட்டிக் கேட்கச் சொன்னாள். கேட்டேன், ஒவ்வொன்றும் வேறுதான். அதுவரை வாய்வரை வந்திருந்த "பைத்தியம்" என்ற வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

இவர்களில் பெருங்கூட்டம் வாத்து எண்ணுகிறவர்கள். சுற்றுலா அலுவலகத்தில் ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள். ஒவ்வொரு வாத்துக்கும் ஒரு கட்டம். கண்டுபிடித்தால் டிக் போட வேண்டும். அறுபத்து நான்கும் நிரம்பினால் ஒரு முத்திரையும் தகர பேட்ஜும் கிடைக்கும். நான் அந்தப் புத்தகத்தைப் பிரித்ததே இல்லை. வாத்துகளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குப் புத்தகம் எதற்கு?

இதில் பென்சில்காரர் தனி ரகம். ஓய்வுபெற்ற நில அளவையாளர். காதுக்குப் பின்னால் எப்போதும் கூர்சீவிய பென்சில் இருக்கும். மனைவியோடு நான்கு வருடம் தொடர்ந்து வந்தார். முதல் வருடம் முப்பத்தாறு வாத்து, இரண்டாம் வருடம் அறுபத்து மூன்று. அந்த ஒன்றே ஒன்றுக்காக மூன்றாம் வருடமும் நான்காம் வருடமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவி படகில் என் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு வருவார். அவர் பேசி நான் சிரித்துத் துடுப்பை நழுவவிட்ட கதையெல்லாம் உண்டு.

இந்த வருடம் பென்சில்காரர் தனியாக வந்து படித்துறையில் நின்றார்.

"அக்கா எங்க சார்?" என்றேன்.

"வீட்டுலதான். முட்டி ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. நல்லா நடக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. இவதான் நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறா. நடந்து எங்க போகப் போறேன்னு கேக்கறா."

எனக்கு மூச்சு வந்தது.

"இந்தப் புத்தகத்தை முடிச்சுக் கொண்டுபோய் அவ மடியில வச்சா ஒருவேளை முகம் மலரும். மூணு நாள் இருக்கேன். நாற்பத்தொண்ணு கிடைக்கணும். கிடைச்சாலும் கிடைக்கலேன்னாலும் இதோட சரி, இனிமே வர மாட்டேன். அவ இல்லாம நான் எதுக்கு வரணும்?"

நாற்பத்தொன்று உப்புப் பாலத்து வாத்து. கிடைக்கவில்லை என்று நிறையப் பேர் என்னிடம் புலம்பியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் மாநகராட்சியின் பாலப் பிரிவில் வேலை செய்கிறவர். அவர் சொல்லிக்கொடுத்த பதிலையே எல்லோருக்கும் சொல்வேன்: "தண்ணி இறங்கினா தெரியும்." பென்சில்காரரிடமும் அதையே சொல்லிவிட்டுப் படகை எடுத்தேன்.

அன்று தண்ணீர் நன்றாகவே இறங்கியிருந்தது. கிழக்குத் தூணை ஒட்டிப் படகை நிறுத்தினேன். அவர் பாசியைக் கையால் வழித்துத் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பிரித்து முதல்முறையாக எனக்குக் கேட்கும்படி வாசித்தார்.

"நாற்பத்தொன்று. கிழக்குத் தூண், கோடை நீர்மட்டத்துக்கு இரண்டடி மேலே. கழுத்தைத் திருப்பித் தன் முதுகையே பார்க்கும் வாத்து. ஊரில் இப்படி இது ஒன்றுதான்."

படகு தூணில் போய் முட்டியது. இருபத்திரண்டு வருடத்தில் நான் எதிலும் முட்டியதில்லை.

கழுத்தைத் திருப்பி முதுகைப் பார்க்கும் வாத்தை எனக்குத் தெரியும். தேங்காய் அளவு இருக்கும், தூக்கினால் கை இறங்கும். எங்கள் சமையலறைக் கதவு காற்றில் படார் படார் என்று அடிக்காமல் இருக்க, அதைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர் வேலையிடத்தில் கழித்துப்போட்ட பழைய இரும்பு என்றே நினைத்திருந்தேன். வளைந்த கழுத்து வாகாக இருக்கிறதென்று அதில் தரை துடைக்கிற நீலத் துணியைக் காயப்போடுவேன். ஒன்பது வருடமாகக் காயப்போடுகிறேன்.

அவரைக் கரையில் இறக்கிவிட்டு நேரே வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். துணியை உருவி எறிந்துவிட்டு வாத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது யாருங்க?"

திருதிருவென்று விழித்தார். "கதவு முட்டு."

"எந்தப் பாலத்துக் கதவு முட்டு?"

சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார்.

"துரு சுரண்டறதுக்குக் கழட்டினேன். திருப்பி மாட்டப் போனா போல்ட் அளவு சரியில்ல. பழைய அளவு போல்ட் ஸ்டோர்ல இல்லேன்னுட்டாங்க. நாளைக்கு மாட்டிக்கலாம்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். நீதான் கதவு அடிக்குதுன்னு அதை எடுத்து வச்ச."

"ஒன்பது வருஷமா நாளைக்கா?"

"நடுவுல புத்தகம் அடிச்சுட்டாங்க. பழைய பதிவேட்டைப் பாத்து அடிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் போய்ச் சொன்னா, இத்தனை நாள் எங்க இருந்துச்சுன்னு கேப்பாங்கல்ல?"

"அதான் தண்ணி இறங்கினா தெரியும்னு என் வாயால ஊரையே ஏமாத்த வச்சீங்களா? அந்த மனுஷன் அஞ்சு வருஷமா பாசியைத் தடவறாருங்க."

நல்ல மனிதர்தான் என் வீட்டுக்காரர். எறும்பு ஊர்ந்தால் காலைத் தள்ளி வைப்பார். ஒரு வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டால் மட்டும் அந்த வேலை இருக்கிற தெருப் பக்கமே போக மாட்டார். எதிரில் நின்று இவரைத் திட்டுவது கஷ்டம். அப்படி ஒரு முகம். அதனால் பாத்திரத்தைத் திட்டிக்கொண்டே கழுவினேன்.

"இன்னைக்குச் சாயந்தரமே மாட்டிடறேன்," என்றார் பின்னாலிருந்து. "நாளைக்கு அவரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு."

"காலையில அவர் அங்குலம் அங்குலமா தடவின தூணுங்க அது. நாளைக்குப் போனா வாத்து முளைச்சிருக்குமா? அவர் காதுல பூச்சுத்த என்னால முடியாது. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து உண்மையைச் சொல்லப் போறேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கலாம்."

மறுநாள் காலை பென்சில்காரரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். வீட்டுக்காரர் எங்கேயோ அவசர வேலை என்று விடியும்போதே நழுவியிருந்தார். வாத்தைக் கழுவித் துடைத்து, துணி இல்லாமல், கதவடியில் வைத்திருந்தேன். பென்சில்காரர் வாசல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து, வாத்தின் வளைந்த கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். பூசி மெழுகவில்லை. துணி காயப்போட்டதைக்கூடச் சொன்னேன். இவர் கோபித்துக்கொண்டு போனால் அந்த அக்கா மடியில் வைக்க ஒன்றும் இருக்காதே என்பதுதான் என் பயம்.

அவர் கோபப்படவில்லை. "அஞ்சு வருஷமா உங்க வாசல் வழியாத்தான் படித்துறைக்கு இறங்கறோம்," என்று மட்டும் சொன்னார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். கட்டத்துக்கு மேல் கொண்டுபோனவர் நிறுத்தினார். "இருங்க. அவளைப் பாக்க வச்சுட்டே போடறேன்," என்று கைப்பேசியில் வீடியோ அழைப்புப் போட்டார்.

அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. பென்சில்காரர் ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியைக் கதவடிக்குத் திருப்பினார்.

அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் மெதுவாகக் கேட்டது.

"நீலத் துணி எங்க?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் துணியைப் பற்றிச் சொன்னது இங்கே இவரிடம்தான். நீல நிறம் என்று இவரிடம்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாம் வருடம், அவர்கள் ஊருக்குக் கிளம்புகிற நாளன்று, அக்கா படகிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி முழங்கால்வரை தண்ணீரில் நனைந்துவிட்டார். முன்னாலேயே படியேறிவிட்ட இவர் அதைப் பார்க்கவில்லை; இவரை மேலேயே காத்திருக்கச் சொல்லிவிட்டு அக்காவை உள்ளே கூட்டிவந்தேன். துடைக்கத் துண்டு எடுத்துக்கொண்டு திரும்பினேன். அக்கா கதவடியில் குனிந்து அந்த நீலத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைப் பழையபடி போட்டுவிட்டு, வாசல் பக்கம் கண்ணைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தார். தண்ணீரில் விழுந்ததைப் புருஷனிடம் சொல்லாதே என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நானும் அந்த ரகசியத்தை உயிரைப் போலக் காப்பாற்றினேன்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் பென்சில்காரர்.

"மூணு வருஷமா தெரியும்."

"தெரிஞ்சுமா என்னோட படகுல உக்காந்து தேடின?"

"வேற என்ன செய்யறது? கல்யாணம் ஆன நாள்லருந்து நீங்க ஒரு ஊருக்கு ரெண்டாவது தடவை கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? பாத்தாச்சு, முடிஞ்சாச்சுன்னு அடுத்த ஊரு. எனக்கு இந்த ஊரு பிடிச்சுப்போச்சு. இந்தப் பொண்ணோட படகு பிடிச்சுப்போச்சு. ஒரு கட்டம் காலியா இருந்தாத்தானே நீங்க திரும்பி வருவீங்க."

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் ஊர் அழகு என்று புகழ்ந்திருக்கிறார்கள். என் படகுக்காக மூன்று வருடம் ஒருத்தி வாயைக் கட்டிப்போட்டிருந்தாள் என்று கேட்டது அன்றுதான்.

"சரி, கண்டுபிடிச்சாச்சுல்ல," என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "போட்டுடுங்க. நானும் இனிமே வரப்போறதில்ல."

பென்சில்காரர் கட்டத்தைப் பார்த்தார். அறுபத்து மூன்று டிக், அளந்து போட்ட மாதிரி ஒரே அளவில். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம். பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார்.

"நான் கண்டுபிடிக்கல. நீ கண்டுபிடிச்சது. நீ வந்து போடு."

"விளையாடாதீங்க. என் முட்டி..."

"முட்டி சரியாயிடுச்சு. டாக்டர் மூணு தடவை சொல்லிட்டாரு. நடந்து எங்க போகப் போறேன்னு கேட்டியே, இங்கதான். இந்தக் கதவு வரைக்கும்."

அந்தப் பக்கம் அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு நேராக என்னைக் கேட்டார்.

"தங்கச்சி, படித்துறையிலேருந்து உங்க வீட்டுக்கு எத்தனை படி?"

தினம் ஏறி இறங்குகிற படி, எண்ணியதே இல்லை. ஓடிப்போய் எண்ணிவிட்டு வந்தேன். "பதினொண்ணு அக்கா. ஒரு பக்கம் கைப்பிடி இருக்கு."

"பதினொண்ணா," என்று அக்கா மனசுக்குள் ஏறிப் பார்ப்பதுபோல விரல்விட்டு எண்ணினார். பிறகு நாற்காலியின் கைகளைப் பிடிப்பது தெரிந்தது. கைப்பேசித் திரையில் முகம் போய் ஜன்னல் மட்டும் தெரிந்தது. எழுந்து நின்றுவிட்டார். மேலிருந்து குரல் மட்டும் வந்தது. "துணியை மறுபடி போட்டு வையுங்க. வேற யாரும் பாத்துடப் போறாங்க."

நான் நீலத் துணியை எடுத்து வாத்தின் கழுத்தில் போட்டேன். பென்சில்காரர் அதன் ஓரத்தை இழுத்து இரண்டு பக்கமும் சமமாக விட்டார்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது, சட்டையெல்லாம் கிரீஸ். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பளபளவென்று ஒரு போல்ட்.

"காலையிலேருந்து ஏழு கடை ஏறி இறங்கிட்டேன். கடைசியில பழைய இரும்புக் கடையில கிடைச்சுது. அதே அளவு. இப்பவே போய் மாட்டிடலாம்."

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு வேலையை அன்றைக்கே செய்ய வந்திருக்கிறார். கையைப் பிடித்து விரல்களை மூடிவிட்டேன்.

"பத்திரமா வச்சுக்குங்க," என்றேன். "அடுத்த வருஷம் மாட்டிக்கலாம்."