துரையின் முதல் குட்டி

கங்கா பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் வைத்தபோது மணி மூன்றேகால். தண்ணீர் வாயோரம் வழிந்தது. அவர் அவள் மடியில் இருந்த செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேஸ் வுட்டாங்களா?"

"இன்னும் அஞ்சு நிமிசம்பா."

அப்பா வெங்கடேசன் வாலாஜாபாத் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் இருபத்தாறு வருசம் வேலை பார்த்தவர். இன்றைய பொழுது தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் காலையிலேயே கைவிரித்துவிட்டார். அப்பாவுக்கு அதைப் பற்றியெல்லாம் கவலையில்லை. துரையைப் பற்றித்தான் கவலை. துரை அவர் பார்த்துக்கொண்ட பொலிகுதிரை, இனவிருத்திக்கு விடும் ஆண் குதிரை. இங்கிலீஷில் அதற்கு நாலு வார்த்தையில் ஒரு பெயர் உண்டு, பண்ணையில் ஒருவர் வாயிலும் நுழையாது.

இளம் பொலிகுதிரை தேறுமா என்பதை அதன் முதல் குட்டிகள் ஓடுவதை வைத்துத்தான் சொல்வார்கள். துரையின் முதல் குட்டி இன்று பெங்களூர் ரேஸில் ஓடுகிறது. சரியில்லை என்றால் முதலாளி துரையை விற்றுவிடுவார். எல்லோரும் வேண்டாம் என்ற குதிரையை வாங்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றவர் அப்பா.

கங்காவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து ஓவர்டைமும் பார்த்துவிட்டு வருபவள், அப்பா குதிரைப் பேச்சை எடுத்தாலே தூங்கிப்போவாள்.

போனோடு பின்பக்கம் போனாள். பத்துக் குதிரைகள். துரையின் குட்டி ஏழாம் நம்பர், கடைசியாகக் கிளம்பியது. ஒன்றேகால் நிமிசத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. நாலாவது.

இதை எப்படிப் போய்ச் சொல்வது? சாகப்போகிற மனுசனிடம் உண்மை பேசி யாருக்கு என்ன லாபம்? முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஜெயிச்சிடுச்சுப்பா!"

"மொதலாவா?"

"ஆமாப்பா."

"பின்னால இருந்து ஏறி வந்துச்சா?"

"சேச்சே. ஸ்டார்ட்லேர்ந்தே முன்னாடிதான். ஒண்ணும் கிட்டயே வரல."

அப்பா சிரிப்பார் என்று பார்த்தாள். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப நான் பாத்தது தப்பும்மா," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரியவில்லை. அதற்குள் போன் அடித்தது. பண்ணை மேனேஜர் இனியவன்.

"கங்கா, அப்பா கிட்ட உடனே சொல்லும்மா! தொரை குட்டிங்க ரெண்டு வயசுல ஜெயிக்காது, மூணு வயசுலதான் கால் புடிக்கும், இப்ப பின்னால இருந்து ஏறி வருதான்னு மட்டும் பாருங்கன்னு அவரு சொன்னாரு. அப்படியே ஆயிடுச்சு! கடைசியில ஆறு குதிரைய தாண்டிச்சு. தொரைய விக்கலன்னுட்டாரு மொதலாளி."

போனை அப்படியே போட்டுவிட்டுக் கட்டிலருகே மண்டியிட்டாள்.

"அப்பா, பொய் சொன்னேம்பா. ஜெயிக்கலப்பா. தோத்துடுச்சு."

அவர் காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"தோத்துடுச்சுப்பா! நீ சொன்ன மாதிரியே தோத்துடுச்சு! கடைசிலேர்ந்து ஏறி வந்துச்சுப்பா!"

அம்மா ராஜம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அப்பாவின் மூக்கருகே விரலை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு அந்தக் கையாலேயே மகளின் வாயைப் பொத்தினாள்.

"இன்னாடி பேச்சு இது, போற உசுரு கிட்ட?"

கங்கா அந்தக் கையை விலக்கினாள்.

"நாலாவதுப்பா," என்றாள்.