இல்லாத தூண்

புது மாவட்டம் பிரிந்த மறு வருஷம் திண்டுக்கல்லில் எல்லாவற்றுக்கும் ஒரு மாவட்டச் சங்கம் முளைத்தது. கபடிக்கு, கேரத்துக்கு, சைக்கிள் பந்தயத்துக்கு. கராத்தேக்கு முளைத்த சங்கத்தில் வேலுசாமி மாஸ்டர் செயலாளர் ஆனார். அவர் அந்தரத்தில் மிதந்தபடி ஓட்டு அடுக்கை உதைக்கும் சுவரொட்டி, பஸ் ஸ்டாண்டு தொடங்கி கொடைரோடு ரயிலடி வரைக்கும் ஒட்டியிருந்தது. அந்தப் படம் எடுத்தபோது கீழே நான்கு பேர் ஜமுக்காளத்தை விரித்துப் பிடித்திருந்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. இருந்தாலும் கூட்டம் அவரிடம்தான் போயிற்று. பறக்கிறவனை விட்டுவிட்டு நிற்கிறவனிடம் யார் போவார்கள்?

நிற்கிறவர் சௌகத் அலி. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. விடியற்காலையில் பேகம்பூர் ஓரத்துப் பொட்டலில் வகுப்பு நடத்துவார். ஒரு குத்தை ஆறு மாதம் சொல்லிக் கொடுப்பார். யாராவது ஓடு உடைக்கக் கற்றுத்தரச் சொன்னால், "ஓடு நம்மள என்ன செஞ்சுச்சு? அது பாட்டுக்குக் கூரையில கெடக்கட்டும்" என்பார்.

அவரிடம் நான்கு வருஷமாகக் கற்றவள் முனீஸ்வரி. சின்னாளபட்டித் தறிக்காரர் மகள். திண்டுக்கல்லில் ஒரு சேலைக்கடையில் நாளெல்லாம் சுங்குடிச் சேலைகளை விரித்து விரித்து மடிப்பவள். முதல் பஸ்ஸில் வந்து பயிற்சி முடித்து, அங்கேயே ஒரு வீட்டில் சேலை மாற்றிக்கொண்டு கடைக்குப் போவாள். சாயங்காலம் ஊர் திரும்பியதும், பள்ளிக்கூட மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள். மில் ஷிப்ட் முடிந்து இருட்டில் நடந்து வரும் பிள்ளைகளை ரோட்டோரம் நின்று வம்பிழுக்கிறவர்கள் அதிகமாகிப்போனதால், தாய்மார்களே கூட்டிவந்து விட்ட வகுப்பு அது.

அந்த வகுப்புக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

"பெட்டிஷன் வந்திருக்கு, முனீசு" என்றார் தலைமையாசிரியை சொர்ணலட்சுமி. "தகுதியில்லாத ஆளுக்கு அரசாங்க மைதானத்தக் குடுக்கலாமான்னு கேட்டு எழுதியிருக்காக. பிளாக் பெல்ட் வாங்கிட்டியா நீ?"

"பிரவுன் டீச்சர். அடுத்தது அதுதான்."

"வார ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்லருந்து ஆள் வந்து டெஸ்ட் வைக்கிறாகளாமே. வாங்கிட்டு வா. மைதானம் ஒனக்குத்தான். வாங்கலேன்னா கேட்டைப் பூட்டிருவேன். என் பென்ஷனைத் தொலைச்சுட்டு நான் கராத்தே பாக்க முடியாது தாயி."

பெட்டிஷன் யார் வேலை என்று முனீஸ்வரிக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆளே இரண்டு நாளில் மனைவியோடு சேலைக்கடைக்கு வந்துவிட்டார்.

வேலுசாமி பெஞ்சில் உட்கார்ந்து கலர் குடித்தார். அவர் மனைவி ஜக்கம்மாள் அரக்குச் சேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உங்க கட்டாவுல பாதி வழியில ஒரு சறுக்கு சறுக்குறீகளே, அது எந்த நாட்டு வழக்கம்?" என்று கேட்டார் அவர்.

கட்டா என்பது எதிராளி இல்லாமலே அடியும் தடுப்புமாக வரிசை மாறாமல் ஆடிக்காட்டும் ஆட்டம். அவர் சொன்ன இடம் அவளுக்குத் தெரியும். முன்னால் போகிற கால் சட்டென்று இடப்பக்கம் ஒரு எட்டு விலகி, வளைந்து, மறுபடியும் நேர்க்கோட்டுக்கு வரும். சௌகத் மாஸ்டரின் பிள்ளைகளுக்கு அந்த எட்டு மூச்சு மாதிரி.

"மாஸ்டர் சொல்லிக்குடுத்தது" என்றாள்.

"ஒங்க மாஸ்டருக்குச் சொன்னது யாரு? பினாங்கு பக்ருதீன். அவரு பினாங்குல பரோட்டா போட்டாரா, கராத்தே போட்டாரான்னு யாருக்குத் தெரியும்? நான் கேசட்டு வாங்கிப் பாத்துட்டேன். ஜப்பான்காரன் நேராப் போறான். நீங்கதான் குடிகாரன் மாதிரி ஒதுங்குறீக. மெட்ராஸ்காரர் முன்னால அதைப் போட்டுக் காட்டினா மண்டபமே சிரிக்கும்."

"இந்தச் சேலை சாயம் போகுமா?" என்றாள் ஜக்கம்மாள்.

"மொதத் தண்ணியில கொஞ்சம் போகும்க்கா. அப்புறம் நின்னுரும்."

வேலுசாமி குரலைத் தாழ்த்தினார். "டெஸ்ட்டு முடிவுல எந்த மாஸ்டர்னு கேப்பாக. வேலுசாமின்னு சொல்லு. அம்புட்டுத்தான். பெல்ட்டு ஒனக்கு, மைதானம் ஒனக்கு. பெட்டிஷன் போட்ட ஆளுககிட்ட நானே பேசிக்கிறேன்."

அவள் அரக்குச் சேலையை மடித்து வைத்துவிட்டு, அடுத்ததை உதறி விரித்தாள். அந்த மனிதர் சொன்னதில் எது பொய், எது உண்மை என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அவரை வெறுப்பது சுலபம். அவர் சொன்ன அந்த எட்டை ஒதுக்கித் தள்ளுவதுதான் சுலபமாக இல்லை.

மறுநாள் காலையில் மழை. பொட்டல் குளமாகிவிட்டது. சௌகத் அலி தன் பெரியத்தாவின் தோல் கிடங்குச் சாவியை வாங்கிவந்து திறந்தார். உப்புப் போட்ட ஆட்டுத்தோல் வாடை குப்பென்று அடித்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள்.

"இம்புட்டு வாடைக்கே இப்படியா? நான் கத்துக்கிட்டதே இங்கதான்டா" என்று சிரித்தார். "பக்ருதீன் உஸ்தாத் அந்தா, அந்த வாசப்படிகிட்ட நிப்பாரு. நான் இந்தச் செவத்தோரம். எனக்கு இடம்னு இம்புட்டுத்தான்."

முனீஸ்வரி அவர் காட்டிய இடத்தில் போய் நின்றாள். ஏன் என்று யோசிக்கவில்லை. வாசல்படியைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுக் கட்டாவைத் தொடங்கினாள். குத்து, தடுப்பு, திரும்பல். கால் முன்னால் போயிற்று. வழக்கமான இடத்தில் இடப்பக்கம் விலகி, வளைந்து, நேரே வந்தது.

வலத்தோளுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு கருங்கல் தூண் நின்றது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். திரும்பிப் போய் அதே இடத்தில் தொடங்கி மறுபடியும் செய்தாள். மறுபடியும் அந்தத் தூணைச் சுற்றிக்கொண்டு வந்தாள். விலகாமல் நேரே போயிருந்தால் நெற்றி பெயர்ந்திருக்கும்.

"மாஸ்டர்" என்றாள். "மாஸ்டர், இங்க வந்து பாருங்க."

சௌகத் அலி வந்தார். ஒருமுறை தானே செய்து பார்த்தார். தூணைத் தொட்டார். இத்தனை நாளும் அவர் கால் பார்த்துக்கொண்டிருந்த அதைக் கண் இன்றைக்குத்தான் பார்த்தது.

"யா அல்லா" என்றார் மெதுவாக. "இடிச்சுக்காம இருக்கத்தான் ஒதுங்கச் சொல்லியிருக்காரு. நான் அதையும் சேத்துப் பாடம்னு படிச்சிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவரே சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்ததும் அவர் முகம் வாடிவிட்டது. பின்னால் நின்றவர்களைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நான் ஒங்களுக்கு ஒண்ணு தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன். கட்டாவுல அந்த எட்டு கெடையாது. வேலுசாமி ஊரெல்லாம் சொல்றது சரிதான். எடுத்துருங்க."

"அப்ப மத்ததெல்லாம் சரியா மாஸ்டர்?" என்று கேட்டான் பாக்கியராஜ். பீடிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். கேள்வியில் கோபம் இருந்தது.

"தெரியலப்பா. தப்புன்னு தெரியிற அன்னிக்கு இதே மாதிரி வந்து சொல்லுவேன்."

பாக்கியராஜும் இன்னும் சிலரும் அந்த வாரமே வேலுசாமியிடம் போய்ச் சேர்ந்தார்கள். தப்பை ஒத்துக்கொள்கிற மாஸ்டரை நம்பி எப்படிச் சண்டை போடுவது என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு போனார்கள். முனீஸ்வரி போகவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. உடம்புக்குள் நின்ற தூணைப் பிடுங்க வேண்டும்.

அது பிடுங்க வரவில்லை. மனசு நேரே போகச் சொன்னது, கால் ஒதுங்கியது. கடைக்குப் பின்னால் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு முடுக்கு இருந்தது. ஒரு ஆள் போகலாம், எதிரே வருகிற ஆள் திரும்பித்தான் போகவேண்டும். சாப்பாட்டு நேரத்தில் சோற்றை இரண்டு வாயில் முடித்துவிட்டு அங்கே போய்க் கட்டாவின் அந்தப் பகுதியை மட்டும் செய்தாள். கால் ஒதுங்கினால் தோள் சுவரில் இடிக்கும். இடித்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் இடித்தது. கூட வேலை பார்க்கும் உம்மு சல்மா எட்டிப் பார்த்து, "செவத்தோட என்னடி சண்டை? அது ஜெயிச்சுரும் போலயே" என்றாள். சனிக்கிழமை சுவர் தோற்றது. இடத்தோளில் கன்றியிருந்த நீலம் மட்டும் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் டெஸ்ட். மேடையில் மெட்ராஸ் பரிசோதகர் நடுவில், பக்கத்தில் வேலுசாமி, பின்னால் முந்தின கல்யாணத்தில் மிஞ்சிய தென்னங்கீற்றுத் தோரணம். பரிசோதகர் நரைத்த மீசைக்காரர். அதிகம் பேசவில்லை. சங்கத்தில் சேராத சௌகத் அலிக்கு உள்ளே அனுமதி கிடையாது. வாசலுக்கு வெளியே சைக்கிள் மேல் கால் ஊன்றி நின்றார்.

வேலுசாமி கொடுத்த பட்டியலில் முனீஸ்வரியின் பெயர் வந்தது. கட்டா செய்தாள். அந்த இடம் வந்தபோது மண்டபத்தில் சிலர் கழுத்தை நீட்டினார்கள். சறுக்கைப் பார்த்துச் சிரிக்கக் காத்திருந்தவர்கள். அவள் முடுக்குக்குள் போவது மாதிரி நேரே போனாள். வேலுசாமி அவளைப் பார்த்துத் தலையாட்டினார், தான் சொல்லிக்கொடுத்த மாதிரி.

அடுத்தது சண்டை. எதிரே அம்பிகா, வேலுசாமியின் மாணவி. அவளைவிட ஒரு சாண் உயரம், நல்ல வேகம். மணி அடித்ததும் நேரே பாய்ந்தாள். முதல் உதை முனீஸ்வரியின் இடுப்பில் இறங்கியது. இரண்டாவதை முழங்கையில் வாங்கினாள். பின்வாங்கப் பின்வாங்க அம்பிகா விடாமல் வந்தாள். மூன்றாவது முறை அவள் முழு உடம்பையும் போட்டுப் பாய்ந்தபோது, முனீஸ்வரிக்கு யோசிக்க நேரமில்லை. கால் தானே இடப்பக்கம் ஒரு எட்டு விலகியது. வளைந்தது. அம்பிகா காற்றைக் குத்திக்கொண்டு அவளைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கும்போது முனீஸ்வரியின் முஷ்டி அவள் விலாவுக்கு ஒரு விரற்கடை தள்ளி வந்து நின்றிருந்தது.

"எங்கடி போன நீ?" என்றாள் அம்பிகா, மூச்சு வாங்க. சிரித்தும்விட்டாள்.

பரிசோதகர் முதல்முறையாக முன்னால் சாய்ந்தார். "அந்த எட்டு எங்கே கத்துக்கிட்டது?"

"பேகம்பூர் தோல் கிடங்குல சார். தூண்கிட்ட."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் புன்னகைத்தார். "ரொம்ப நல்லா இருந்தது. மாஸ்டர் யாரு?"

வேலுசாமி மைக்கை எடுத்து வாய்க்கு அருகே வைத்துக்கொண்டார், பெயர் வந்ததும் அறிவிக்க.

முனீஸ்வரியின் கண்ணில் பள்ளிக்கூடத்து இரும்பு கேட் தெரிந்தது. அதில் தொங்கப்போகிற பூட்டும் தெரிந்தது. கூடவே, உட்கார்ந்த பிள்ளைகள் முன்னால் தூணைக் கையால் பிடித்தபடி நின்ற ஒரு மனிதரின் முகமும்.

"சௌகத் அலி" என்றாள்.

"அந்த வகுப்பு நம்ம சங்கத்துல இல்லை சார்" என்று வேலுசாமி சொன்னது மைக்கிலேயே மண்டபம் முழுக்கக் கேட்டது.

பரிசோதகர் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதப் பாரும்மா. சங்கத்துல இல்லாத வகுப்புக்கு பெல்ட் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. இன்னொரு தடவை கேக்கறேன். நிதானமா சொல்லு. யாரு உன் மாஸ்டர்?"

"சௌகத் அலி சார்" என்றாள், வாசலுக்கு வெளியேயும் கேட்கும்படி.

வெளியே சௌகத் அலி கோபத்தில் இருந்தார். "கிறுக்கா ஒனக்கு? என் பேரச் சொல்லி என்னத்தக் கண்ட? அவன் பேரச் சொல்லிட்டு வாங்கிட்டு வர வேண்டியதுதான?"

"நீங்க தூணைத் தூண்னு சொன்னீக. நான் மட்டும் பேர மாத்திச் சொல்லணுமாக்கும்?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்தார். பஸ் கிளம்பும்போது, "இடுப்புக்கு ஒத்தடம் குடு" என்றார்.

திங்கள்கிழமை சொர்ணலட்சுமி டீச்சர் சொன்னபடி கேட்டைப் பூட்டினார். பூட்டும்போது முனீஸ்வரியின் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் வெளியே நின்றார்கள். சிலருடைய தாய்மார்களும்.

"வாங்க போவோம்" என்றாள் முனீஸ்வரி.

தறிக்காரத் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். தெரு நீளத்துக்கும் நூல் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். சாயங்காலம் பாவைச் சுருட்டி எடுத்துப் போனபின், அதைத் தாங்கிய மரக்கட்டைகள் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக நட்டபடி நிற்கும். அவள் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மாடுகளை ஓரம் கட்டினார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "ஏத்தா, கட்டைய ஒடச்சுப்புடாதீக, காலையில பாவு இருக்கு" என்றார்.

"ஒடைக்கிறது எங்க வகுப்புல கெடையாது தாத்தா" என்றாள்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாள். இச்சி, நீ, சான் என்று ஜப்பான் கணக்கில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித்தான் அவர்கள் காலை வைப்பார்கள். முதலில் கட்டைகள் இல்லாத பக்கம், நேராக. பிறகு கட்டைகளுக்கு நடுவே.

"கட்டை இருந்தா இப்படி ஒதுங்கி, சுத்தி, நேரா வரணும். கட்டை இல்லேன்னா ஒதுங்கக் கூடாது. எதுக்கு ஒதுங்குறோம்னு கேட்டா ஒங்களுக்குப் பதில் தெரிஞ்சிருக்கணும்."

"இதுக்கு ஜப்பான்ல என்ன பேருக்கா?" என்று கேட்டாள் முன்வரிசையில் நின்ற கீர்த்தனா.

"இது ஜப்பான்ல கெடையாது. பேகம்பூர் எட்டு."

"நீங்க பிளாக் பெல்ட்டு வாங்கலையாமேக்கா?"

"இல்ல. இன்னும் பிரவுன்தான்."

"எப்ப வாங்குவீக?"

"வாங்குவேன். யாருகிட்டக் கத்துக்கிட்டேன்னு உள்ளதைச் சொல்லியே வாங்குவேன்." குனிந்து அவள் பாதத்தைப் பிடித்துக் கட்டைக்கு ஒரு சாண் தள்ளி வைத்தாள். "நீ மொதல்ல காலை ஒழுங்கா வை. இச்சி!"

"நீ!" என்றாள் கீர்த்தனா உரக்க. கிழவர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.