ஹர்த்தால் அன்று ஓட்டிப் பார்த்த வண்டி

மட்டாஞ்சேரியில் கியர்பாக்ஸ் வேலைக்கு சஜ்ஜாதை விட்டால் ஆளில்லை என்று சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் முதல் ஆள் சஜ்ஜாதேதான். ஆனால் அந்த வியாழக்கிழமை, அனந்தநாராயணனின் பழைய காண்டஸா காருக்கு அடியில் படுத்து கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றியபோது அவனுக்கு வாயடைத்துப் போயிற்று. சிவப்பாக வழிய வேண்டிய எண்ணெய் கறுப்பாக, கருகிய நாற்றத்தோடு வழிந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தான். உள்ளே இருக்கும் தட்டுகள் தேய்ந்து உதிர்ந்த பொடி ஒட்டியது. எண்ணெய் வெந்துபோயிருந்தது. அதை வேகவைத்தது யார் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதினேழு நாட்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, வைட்டிலா சந்திப்பின் நடுவில் இந்த வண்டி நின்றுவிட்டது. இஞ்சின் அலறியது, சக்கரம் நகரவில்லை. உள்ளே அனந்தநாராயணனின் மனைவி கமலாக்ஷி இருந்தாள். சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் களமசேரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு டயாலிஸிஸுக்குப் போய்வந்தவள். முந்தைய முறை காய்ச்சலால் தவறிப்போயிருந்ததால் அன்று மூச்சு வாங்க வாங்கத்தான் கிளம்பினாள். அந்த நெரிசலுக்குள் ஆம்புலன்ஸ் வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே போய்விட்டாள்.

அந்த வயதில் அவருக்கு எதற்கு அந்த வண்டி என்று ஊரே கேட்டது. கேட்கிறவர்களுக்கு என்ன? ஒருமுறை டாக்ஸியில் கமலாக்ஷி வாந்தி எடுத்தபோது, டிரைவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி அவளையே துடைக்கச் சொன்னான். அன்றோடு டாக்ஸி முடிந்தது. காண்டஸாவின் முன்சீட்டைச் சாய்த்தால் அவள் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் சர்க்கரை வியாதியில் அனந்தநாராயணனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை; கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் அவர் சஜ்ஜாதிடம் வந்தார்.

“இதை ஆட்டோமேட்டிக்காப் பண்ணிக் கொடு சஜ்ஜாதே. அவளுக்குக் குலுங்கப்டாது, சத்தம் கேக்கப்டாது. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.”

சஜ்ஜாத் கோயமுத்தூருக்குப் போய், பிரித்துப்போட்ட ஜப்பான் வண்டிகளிலிருந்து ஒரு கியர்பாக்ஸும் இரண்டு டார்க் கன்வர்ட்டரும் பொறுக்கிக்கொண்டு வந்தான். கன்வர்ட்டர் என்பது கிளட்சுக்குப் பதிலாக, உள்ளே எண்ணெயைச் சுழற்றி இஞ்சினின் இழுவையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வட்டப் பெட்டி. அவன் கொண்டுவந்ததில் ஒன்று இறுக்கமானது. இஞ்சின் கொஞ்சம் சுற்றினாலே பிடித்துக்கொள்ளும், ஆனால் கிளம்பும்போது லேசாக உதறும். மற்றது தளர்ந்தது. வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு கிளம்பும். ஆனால் வழுக்குகிற நேரமெல்லாம் எண்ணெய் கொதிக்கும். பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியலுக்கும் இரண்டு ஜோடிப் பல்சக்கரங்கள் கையில் இருந்தன. நாலரைக்கு ஒன்று என்ற ஜோடியைப் போட்டால் வண்டி சுலபமாக இழுக்கும், வேகம் எடுத்தால் இஞ்சின் இரையும். மூன்றரைக்கு ஒன்று போட்டால் வேகத்தில் சத்தமே இருக்காது, ஊர்ந்து போகும்போது முக்கும்.

தினமும் நெரிசலில் போகிற வண்டிக்கு இறுக்கமான கன்வர்ட்டரும் நாலரையும்தான் என்று சஜ்ஜாதுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். இருந்தும், குலுங்கக்கூடாது, சத்தம் கூடாது என்று அவர் சொன்னது மனதில் நின்றுவிட்டது. தளர்ந்ததையும் மூன்றரையையும் மாட்டினான். சந்தேகம் இல்லாமல் இல்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வைத்துக்கொண்டான். அவன் ஓட்டிப் பார்த்தது ஒரு ஹர்த்தால் நாளில்.

கொச்சி ஒர்க்‌ஷாப்காரர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஹர்த்தால் என்றால் கடை திறக்க முடியாது, ரோடோ காலியாகக் கிடக்கும். கல்லெறிகிறவர்கள் எழுந்திருக்கும் முன்பே, வேலை முடிந்த வண்டிகளை வெளியே எடுத்து ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். சஜ்ஜாதும் வல்லார்பாடம் வரை கன்டெய்னர் ரோட்டில் போனான். ஒரு லாரி கிடையாது, ஒரு சிக்னலில் நிற்கவில்லை. எண்பதில் போகும்போது வண்டி ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்தது. திரும்பி வந்து கியர்பாக்ஸைத் தொட்டால் ஒரு சாயா கிளாஸின் சூடுகூட இல்லை. தன் கையைத் தானே எடுத்து முத்தமிடாத குறைதான். முட்டாள்! காலி ரோட்டில் எந்த வண்டிதான் ஓடாது? மறுநாளே வண்டியைக் கொடுத்தனுப்பினான். மூன்று வாரம் தாக்குப்பிடித்தது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அனந்தநாராயணன் மகனோடு வந்தார். மகன் அபிராமுக்குப் பெங்களூரில் வேலை. பதிமூன்று நாள் காரியம் முடிந்து அன்று சாயங்காலம் ரயில்.

“சஜ்ஜாதிக்கா, நேராவே கேக்கறேன். வண்டியோட கொழப்பமா, இல்லே அப்பா ஓட்டினதோட கொழப்பமா? யார் மேல தப்பு?” என்றான் அபிராம்.

அனந்தநாராயணன் ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றார். சஜ்ஜாத் வாயைத் திறந்தான். உண்மை அவன் நாக்கு நுனிவரை வந்தது என்று சொன்னால் அது பொய். தொண்டையைக்கூட எட்டவில்லை.

“சாமிக்கு ஆட்டோமேட்டிக் புதுசல்லோ... பழக்கமில்லாத ஆளு ஜாம்லே ஆக்ஸிலேட்டரை அமுக்கிப் பிடிச்சா...” என்று இழுத்து, பாதியில் விட்டான்.

பாதியே போதுமாக இருந்தது. அபிராம் அப்பாவின் பக்கம் திரும்பினான். “கேட்டியாப்பா? மூச்சு வாங்கறவளை ஆம்புலன்ஸ்ல கூட்டிண்டு போகணும்னு தோணலையே ஒனக்கு? ஒன்னோட வீம்புக்கு அவளைக் கொன்னுட்டே.”

அனந்தநாராயணன் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சஜ்ஜாதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. இரண்டு பேரும் போன பிறகு அவன் சோறு உண்ணவில்லை. தன்னை நினைத்தால் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த பத்து நாளில், யாரும் சொல்லாமலே, எல்லாவற்றையும் கழற்றினான். தட்டுகளை மாற்றி, இறுக்கமான கன்வர்ட்டரையும் நாலரைப் பல்சக்கரங்களையும் மாட்டினான். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது, வேண்டுமென்றே கிளம்பினான். தோப்பும்படி, குண்டன்னூர், வைட்டிலா. வைட்டிலாவில் மட்டும் நாற்பது நிமிடம் ஊர்ந்தான். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வண்டி லேசாக ஒரு உதறு உதறியது. சூடு ஏறவே இல்லை. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த சீட்டு காலியாக இருந்தது. இவ்வளவு சின்ன உதறல்தான். இதை அந்த அம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். சஜ்ஜாத் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதான். பக்கத்து ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்தான், இவன் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

அன்று சாயங்காலமே வண்டியைக் கூவப்பாடத்திலுள்ள அவர் வீட்டுக்குக் கொண்டுபோனான். அனந்தநாராயணன் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார். சஜ்ஜாத் நின்றுகொண்டே சொன்னான்.

“சாமி, தப்பு என்னோடதாக்கும். மாட்டக்கூடாததை மாட்டினேன். ஹர்த்தால் அன்னைக்கு காலி ரோட்லே ஓட்டிப் பாத்து ஷெரின்னு கொடுத்துட்டேன். நீங்க ஓட்டினதுலே ஒரு கொழப்பமும் இல்லே. அன்னைக்குப் பயந்து பேடிச்சுப் போயி அபிராம்கிட்டே பொய் சொன்னேன். இப்பவே போன் பண்ணி நெசத்தைச் சொல்லிடறேன்.”

“தெரியும்” என்றார் அவர்.

சஜ்ஜாத் அவரையே பார்த்தான்.

“முப்பத்தாறு வருஷம் வண்டி ஓட்டினவன் நான். ரெண்டாவது வாரமே கருகற வாசனை வந்துது. அவளும் சொன்னா, சஜ்ஜாத்கிட்டே காட்டுங்கோன்னு. காட்டினா நீ நாலு நாள் வச்சுண்டுடுவே. அந்த நாலு நாளும் டாக்ஸிக்காரன்கிட்டே அவ பேச்சுக் கேக்கணுமேன்னு தள்ளிப்போட்டேன். ஒன் தப்பு பாதி, என் தப்பு பாதி. பங்கு போட்டு என்ன ஆகப்போறது?”

“பாதியோ முழுசோ, அபிராம் தெரிஞ்சுக்கணும் சாமி. சாமியையல்லோ அவன் திட்டறான்?” என்று சஜ்ஜாத் போனை எடுத்தான்.

“சொல்லப்டாது.” அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது, பிறகு தானே தணிந்தது. “பதினோரு வருஷமா பெங்களூர்ல இருக்கான். ஓணத்துக்கு ஒண்ணு, விஷுவுக்கு ஒண்ணு கூப்பிடுவான். அதுவும் அம்மாகிட்டேதான் பேசுவான். இப்போ தெனம் ஏழு மணிக்குக் கூப்பிடறான் எனக்கு. அரை மணி நேரம் திட்டறான், அழறான், திரும்பவும் திட்டறான். ஒன் தப்புன்னு தெரிஞ்சா அவன் எதுக்கு என்னைக் கூப்பிடப்போறான்?”

சஜ்ஜாத் போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான். இறக்கிவைக்கலாம் என்று சுமந்து வந்ததை இறக்க அந்த வீட்டில் இடம் கிடையாது என்பது மட்டும் புரிந்தது.

மணி ஏழு. மேஜைமேல் இருந்த போன் அடித்தது. அனந்தநாராயணன் சஜ்ஜாதைப் பார்த்துக் கையைக் காட்டி அடக்கிவிட்டு அதை எடுத்தார். மறுமுனையின் இரைச்சல் வாசல்வரை கேட்டது.

“ஆமாண்டா. நான்தான்... ஆமாம், என் வீம்புதான்... இல்லே, இல்லே, வச்சுடாதே. சொல்லு, கேட்டுண்டுதான் இருக்கேன்.”