சில்லுப் பூட்டிய வீடு

பஸ்மியாவின் வீடு ஒரு பழைய பஸ். துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், ஸைனுலாப்தீன் ஹாஜியாரின் வளவுக்குள் நின்றது. பஸ் அவளுடையது, அடியில் கிடந்த மண் ஹாஜியாருடையது. மூன்று வருட வாடகைப் பேச்சு. கிணற்றுத் தண்ணீரும் அதற்குள் அடக்கம் என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்.

ஒரு வருடம் போனது. ஹாஜியார் மேல்மாடியில் வெள்ளைக்காரருக்கு அறை விடத் தொடங்கினார். அவர்கள் குளிக்கிற குளிப்புக்குக் கிணறு காணுமா? மோட்டருக்குப் பூட்டு விழுந்தது. பஸ்மியா பக்கத்து வளவு அன்னலட்சுமியிடம் வாளியில் அள்ளினாள். அள்ள அள்ளக் கோபம்தான் ஊறியது.

"நான் போறன் ஹாஜியார்."

"மூண்டு வருசம் முடியேல்லயே புள்ள. போறதெண்டால் தாராளமாய்ப் போ. வீடு நிக்கும். மண்ணில ஊண்டினது மண்ணுக்காரனுக்கு."

"தண்ணிப் பேச்சை முதல்ல முறிச்சது நீங்கள். இனி என்னை மறிக்க ஏலாது. இது என்ட பஸ்!"

"பஸ்ஸோ? குசினி கிடக்கு, கட்டில் கிடக்கு, யன்னலுக்குச் சீலை கிடக்கு. இது வீடு புள்ள."

ஹாஜியார் பொய் சொல்வார் என்று ஒழுங்கையில் யாரும் சொல்லமாட்டார்கள். உண்மையை ஆளுக்கேற்ற அளவில் தைத்துக் கொடுப்பார், அவ்வளவுதான்.

பஸ்மியா வந்து மிதிபடியில் குந்தினாள். இதை விட்டால் அவளுக்குத் தலைசாய்க்க வேறிடம் இல்லை. குனிந்தவளின் கண்ணில் பஸ்ஸின் சில்லுகள் பட்டன. பட்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் அந்த பஸ், சில்லில்லாமல், அவள் வாங்கிப்போட்ட சீமெந்துக் கல்லில்தான் நின்றது. நோன்புப் பெருநாளுக்கு முன்னம், வீடுகளுக்குப் போடும் சோலைவரிக்கு அளக்க நகரசபை ஆள் வருகிறான் என்று கேள்விப்பட்ட ஹாஜியார், ஆள்பிடித்து, ஜெக் அடித்து, கல்லை இழுத்துவிட்டுச் சில்லுப் பூட்டினார். காற்றும் அவரே அடித்தார். "இது வீடில்லைத் தம்பி, வாகனம்! நாளைக்கே ஓடும்!" என்று அவர் போட்ட சத்தம் கடற்கரை வரை கேட்டது. மதிலால் எட்டிப் பார்த்த அன்னலட்சுமி, சிரித்து விழாத குறை.

பஸ்மியா மிதிபடியில் குந்திச் சிரித்த மறுநாள் காலை, அவள் சொல்லிவிட்டபடி, கட்டைபறிச்சான் ஊர்ச் சின்னராசாவின் டிராக்டர் வந்து பஸ்ஸில் சங்கிலியைக் கொழுவியது. ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படலையில் நின்றார்.

"என்ட வீட்டை எங்க இழுக்கிறாய்? பொலிசுக்குச் சொல்லுவன்!"

"நாளைக்கே ஓடும் எண்டீங்களே ஹாஜியார்," என்றாள் அன்னலட்சுமி மதிலுக்கு மேலால். "அந்த நாளைக்கு இண்டைக்குத்தான் வந்திருக்கு!"

ஒழுங்கை சிரித்தது. பஸ்மியா சாரதி யன்னலால் தலையை நீட்டினாள்.

"பொலிசோட நகரசபைத் தம்பியையும் கூப்பிடுங்கோ. அவருக்கு முன்னால இது வீடெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. நான் இறங்கிப் போறன். அப்படியே உங்கட மேல்மாடியையும் அளந்துபோட்டுப் போகட்டும்."

ஹாஜியார் சில்லைப் பார்த்தார். மேல்மாடியைப் பார்த்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரி துவாயைக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, யாரோ கேட்டது போல, தானாகவே படலையைத் திறந்தார்.

பஸ்மியாவுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கை ஆட்டுக்கொம்பைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள். சட்டிபானை கலகலக்க வீடு வெளியே வந்து, ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் கிடந்த அன்னலட்சுமியின் வெறுங்காணியைப் பார்த்து நகர்ந்தது.

படலையைத் தாண்டும்போது அவள் கத்தினாள்: "சில்லு உங்கட ஹாஜியார், கழட்டித் தாறன். ஆனா அந்தச் சீமெந்துக் கல்லு என்ட. பின்னேரம் எடுக்க வருவன். படலையைப் பூட்டிப்போடாதீங்கோ!"