தாங்கிகள் மேல் நிற்கும் வண்டி

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் ஒரு பக்கம் கேட்டார்கள்: தள்ளுபடிக் கடையில் விற்கும் மலிவுக் கருவிகளை வீட்டுக் கராஜுக்கு வாங்கலாமா? கேட்ட ஆசிரியர் லவோனா என் மனைவியோடு படித்தவள். என்னை ஏதாவது செய்யவைக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள். சரி என்றேன். இப்போதெல்லாம் சரி என்று சொல்வதுதான் சுலபம்.

முதல் தொடக்கம்: "ஒஹாயோவில் எந்தக் கராஜைத் திறந்தாலும்..." (நான் எந்தக் கராஜையும் திறப்பதில்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: "என் மனைவி கோரின் ஒரு விதி வைத்திருந்தாள். எந்தக் கருவியானாலும் முதலில் மலிவானதை வாங்கு. உழைத்து உடைந்தால் அது உனக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது என்று அர்த்தம். அடுத்த முறை நல்லதாக வாங்கு. உடையவே இல்லையென்றால் மலிவே போதும்."

இது இருக்கட்டும். நல்ல விதி. ஆனால் அவள் உள்ளே வந்ததும் கட்டுரை நின்றுவிட்டது. கோரின் மார்ச் மாதம் இறந்துபோனாள். இனி இது கதை.

2

நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். தூக்கிய வண்டிக்கு முட்டுக் கொடுக்கும் மலிவான தாங்கி, மேலே வண்டி, அடியில் அவள்.

இல்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. மளிகைக் கடையில், பால் எடுக்கும் இடத்தில். கெட்டிக்காரக் கதாசிரியராக இருந்தால் தாங்கியைச் சரியவிட்டிருப்பார். ஒரு காரணம் கிடைத்திருக்கும். யாரையாவது திட்டியிருக்கலாம்.

தாங்கிகள் சரியவில்லை. கோரின் தன் பழைய பிக்கப் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு தாங்கிகள் மேல் உட்காரவைத்து, வலதுபக்கம் பிரேக் கட்டைகளை மாற்றிவிட்டு, இடதுபக்கம் தொடங்கும் முன் பால் வாங்கப் போனாள். வண்டி அப்படியே நிற்கிறது. இப்போது அக்டோபர்.

"வண்டி மேலே நிற்கும்வரை அவள் வேலையைப் பாதியில் விட்டு..." இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

3

இங்கே ஓரின் வருகிறார். கோரினின் அப்பா. ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். வேனில் வந்து விற்கும் விலையுயர்ந்த கருவிகளைத் தவிர எதையும் தொடமாட்டார். மகள் தள்ளுபடிக் கடைக்குப் போனால் வாசலில் இறக்கிவிட்டு, வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்.

(முதல் வரைவில் அவரை முசுடாக எழுதினேன். கதைக்கு ஒரு முசுடு தேவைப்பட்டது. அவர் முசுடல்ல. பயந்தவர். திருத்தியிருக்கிறேன்.)

சனிக்கிழமை மதியம் தன் தாங்கிகளையும் பெரிய கருவிப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தார். கராஜ் கதவை அவரே தூக்கினார்.

"இன்னைக்கு இத எறக்கிடணும், மாப்ளே."

"நிக்குதே மாமா."

"நிக்கும், நிக்கும். நீ அடியில படுக்கிற அன்னைக்குப் பாத்து நிக்காது. அவகிட்டயும் தலபாடா அடிச்சிக்கிட்டேன்."

"மார்ச்சுலேர்ந்து அசையலயே."

"அதான் எனக்குத் தூக்கம் வரல. பனி கொட்டறதுக்குள்ள முடிச்சிரலாம். ஒரு பக்கந்தான பாக்கி?"

எனக்கு மறுக்கத் தெம்பில்லை. ஒரு நிபந்தனை மட்டும் சொன்னேன்: அவள் சாமான்களை வைத்துத்தான் முடிக்க வேண்டும்.

ஓரின் தன் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்டியை மூடினார். ஆனால் தன் தாங்கிகளை அவளுடையவற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு காவலாக முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டார். அதில் அவரோடு பேரம் கிடையாது.

4

கோரின் தன் கருவிகள் எல்லாவற்றிலும் ஆரஞ்சு நிற நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருப்பாள். எங்கள் தெருவில் இரவல் போனது திரும்பி வர அது ஒன்றே வழி. போல்ட் திருகும் ராட்செட்டின் பிடியிலும் அந்தக் கோடு இருந்தது.

சக்கரம் கழன்றது. பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட் கழலவில்லை. எங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அடியில் இருக்கும் எதுவும் சுலபமாகக் கழலாது. ஓரின் குனிந்து பார்க்கச் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நீல டார்ச்சை எடுத்தார். தள்ளுபடிக் கடையில் கூப்பன் கொடுத்தால் இலவசமாகத் தரும் டார்ச். எங்கள் வீட்டில் எந்த இழுப்பறையைத் திறந்தாலும் ஒன்று உருளும்.

"அது எந்தக் கடைச் சாமான் மாமா?"

"இதுவா? அவ குடுத்தது. சும்மா வந்தத நான் வாங்கினதாச் சொல்ல முடியாது."

"நல்லா எரியுதே."

"வாய மூடிக்கிட்டு வெளிச்சத்தப் புடி."

எண்ணெய் அடித்து ஊறவைக்க வேண்டும். எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? ஆனால் வலதுபக்கச் சக்கரத்தின் மேல் அவளுடைய கையுறைகள் கிடந்தன. அவர் அங்கே பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். சீக்கிரம் முடித்து வெளியே போக வேண்டும் அவருக்கு. மூலையில் கிடந்த இரும்புக் குழாயை ராட்செட்டின் பிடியில் மாட்டி நீளமாக்கி, தன் மொத்த எடையையும் போட்டு அழுத்தினார்.

டக் என்றது. போல்ட் அசையவில்லை. ராட்செட்டின் தலைக்குள் இருந்த பற்கள் உடைந்துபோயின, பிடி வளைந்துவிட்டது.

(இங்கே மாமனார் "சொன்னேன்ல, மலிவுச் சாமான்!" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். கதைக்கு வசதி. அவர் அதைச் சொல்லவில்லை.)

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "என்னோடதா இருந்தாலும் போயிருக்கும்" என்றார். "குழாய மாட்டினா எதுதான் நிக்கும்? கழுத, புதுசா வேலைக்கு வர்ற பயலுக்கு மொதநாளே சொல்ற பாடம் இது. எம் பொண்ணோடத நானே ஒடச்சிட்டேன், எல்லிஸ்."

இதற்கு முன் என்னைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

"கடையில மாத்தித் தருவாங்க மாமா" என்றேன். "ஒடஞ்சதக் குடுத்தா புதுசு. கேள்வியே கேக்க மாட்டாங்க."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

5

[கடைக்காரர்கள் தரும் ஆயுள் உத்தரவாதம் யாருடைய ஆயுளுக்கு என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். எல்லாருக்கும் தோன்றுவதுதான்.]

இந்த முறை ஓரின் என்னோடு தள்ளுபடிக் கடைக்குள்ளேயே வந்தார். ரப்பர் நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தார். கவுண்டரில் இருந்த பெண் புது ராட்செட் ஒன்றை எடுத்து வைத்து, கீழேயிருந்த இரும்புத் தொட்டியைக் காலால் முன்னே தள்ளினாள்.

"ஒடஞ்சத இதுல போட்ருங்க சார். அவ்ளோதான்."

தொட்டி பாதி நிறைந்திருந்தது. என் விரல்கள் ஆரஞ்சுக் கோட்டின் மேல் இருந்தன. அவற்றை எடுக்க வரவில்லை. பின்னால் வரிசை நீண்டது.

"சார்?"

"அவரு அதக் குடுக்க மாட்டாரும்மா" என்றார் ஓரின். "நான் இத வாங்கிக்கறேன். வெல போடு."

"சும்மாவே கெடைக்குதே! எதுக்கு வாங்கறீங்க?"

"தெரியும். போடு."

பின்னாலிருந்த ஆள் ஒரு தாளை நீட்டினார். "அண்ணே, எங்கிட்ட கூப்பன் மிச்சம் இருக்கு. வச்சுக்கங்க, ஒரு டார்ச் சும்மா வரும்."

ஓரின் அதையும் வாங்கிக்கொண்டார். வெளியே வந்து வண்டியில் ஏறினோம்.

"நம்ம தெருவுல யாருக்கும் இது தெரியக் கூடாது, மாப்ளே" என்றார்.

நான் சிரித்தேன். கதைக்காகச் சொல்லவில்லை.

6

லவோனாவுக்குப் பதில் வேண்டும். சுத்தியல், பிடிகருவி, சாக்கெட், ராட்செட்: வாங்கலாம். குழாய் மாட்டாதீர்கள். உங்கள் உடம்புக்கு மேல் எடையைத் தாங்கும் எதையும் மலிவில் வாங்காதீர்கள். அவளுடையவை நின்றன என்பது உண்மை. ஓரின் தூங்கவில்லை என்பதும் உண்மை.

திரும்பி வந்து போல்ட்டை எண்ணெயில் ஊறவைத்தோம். காபி குடித்தோம். புது ராட்செட்டுக்கு அது முனகிக்கொண்டே கழன்றது. கட்டைகளை மாற்றி, சக்கரத்தை மாட்டினோம். ஜாக்கியை வண்டிக்கு அடியில் நடுவே தள்ளி, ஒரு விரலளவு தூக்கி, தாங்கிகளை எல்லாம் உருவிவிட்டோம்.

ஒரு முடிவு: நான் இறக்குகிறேன், பிக்கப்பை ஓட்டிக்கொண்டு மளிகைக் கடை வரை போகிறேன். இன்னொன்று: தாங்கிகளை மறுபடி வைக்கச் சொல்கிறேன், ஓரின் எதுவும் கேட்காமல் வைக்கிறார். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் எழுதிய கை பொய் சொன்னது.

ஆகவே இதுவரைதான். வண்டி ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கிறது. ஜாக்கி ரொம்ப நேரம் தாங்காது. அது தாங்குவதற்காகச் செய்ததல்ல.

"மெதுவாத் திருப்பு" என்கிறார் ஓரின். "அவ டப்புனு எறக்கிடுவா. எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

ஜாக்கியின் பிடியை, வாசிக்கிற உங்களிடம் தருகிறேன். இடதுபக்கம் திருப்ப வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. ஓரின் குந்தியபடி சக்கரத்துக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கிறார், இரண்டு கையிலும் இரண்டு டார்ச். அவருக்கு முட்டி வலிக்கும். அதிகம் காக்கவைக்காதீர்கள்.