நண்டோடை

நண்டோடையில் இறங்கிவிட்டால் பெண்கள் பேசமாட்டார்கள். பேச முடியாது. ஓலைக் கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற வேலை அது. வாயைத் திறந்தால் கூடை போய்விடும்.

ராயபுரத்திலிருந்து முகத்துவாரக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அடைக்கலமேரிக்கு இதுதான் பெருங்கஷ்டம். அவள் பேசிப் பேசியே வளர்ந்தவள். தண்ணீர் ஓடுகிற எதையும் 'கால்வாய்' என்றுதான் சொல்லுவாள். குப்பமே சிரித்தது. இங்கே கடல் உள்ளே நுழைகிற இடம் முகம். நுழைந்து அகலமாகப் படுத்துக்கிடப்பது கழி. கழியிலிருந்து பிரிந்து தாழம்புதருக்குள் தன் இஷ்டத்துக்கு வளைந்து போவது ஓடை. உப்பளத்துக்கு நீர் திறப்பது மடை. வெள்ளைக்காரன் காலத்தில் ஆள் விட்டு வெட்டி, விறகுப் படகு போகிறதே, அது மட்டும்தான் கால்வாய். கல்யாணமான புதிதில் ஒருநாள், "கால்வாய்கிட்ட வந்துடு" என்று புருஷன் இன்னாசியிடம் சொல்லிவிட்டு அவள் ஓடைக்கரையில் காய்ந்தாள். அவன் படகுத்துறையில் காய்ந்தான்.

இன்னாசிக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. கப்பல் வந்தால் கூலி. வராத நாளில் வீட்டில் உலை வைத்தது நண்டோடை.

அன்று காலை நீர் வற்றியதும் பெண்கள் வரிசையாக இறங்கியிருந்தார்கள். ஆண்களெல்லாம் கடலிலும் துறைமுகத்திலும். கரைமேல் தமுக்குச் சத்தம் கேட்டது. முன்னால் தமுக்கடிக்கிற செல்வம். பின்னால் குடை பிடித்தபடி தண்டபாணி. குப்பத்துக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த சாயக் கம்பெனியின் சர்வேயர் அவர். அவருக்குப் பின்னால் எல்லைக்கல்லைச் சுமந்தபடி இரண்டு ஆட்கள்.

"இதனால சகலமான ஜனங்களுக்கும்!" என்று செல்வம் கத்தினான். "இந்தச் சாக்கடைக் கால்வாயில கம்பெனி சாயத்தண்ணி வுடப்போறாங்க. ஆட்சேபணை கீறவங்க இப்பவே சொல்லணும். மூணு வாட்டி கேப்போம்!"

முதல் முறை கேட்டான். யாரும் பேசவில்லை.

"பாத்தியா, எவ்வளவு சாதுவான ஜனங்க!" என்றார் தண்டபாணி.

அடைக்கலமேரி கண்ணைத் திருப்பினாள். பக்கத்தில் மாமியார் சிலுவையம்மாள், கூடைக்கு மேலே புருவத்தை நெரித்து, 'வேண்டாம்' என்றாள். இரண்டு பேர் கூடையும் நிறைந்திருந்தது. கூடை காலியாக இருக்கிறவள் யாராவது வாயைத் திறக்கட்டும் என்று ஒவ்வொருத்தியும் மற்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது முறையும் கேட்டாயிற்று.

திருவொற்றியூரில் ஒரு சாயப்பட்டறைக்குப் பின்னால் அடைக்கலமேரி பார்த்திருக்கிறாள். கத்தரிப்பூ நிறத்தில் தண்ணீர், சாயங்கால வானத்தை உருக்கி ஊற்றினாற்போல அழகாகத்தான் இருந்தது. அதற்குள் ஒரு புழுகூட நெளியவில்லை.

செல்வம் மூன்றாவது தடவைக்குக் குச்சியை ஓங்கினான். அவள் கை இரண்டிலும் இறால் துள்ளியது. அடைக்கலமேரி வாயைத் திறந்தாள்.

"கீது! ஆட்சேபணை கீது!"

கூடை கவிழ்ந்தது. காலையிலிருந்து பிடித்த இறாலெல்லாம் அவள் மார்பைச் சுற்றித் துள்ளிக்கொண்டு சேற்றுக்குள் ஓடிப்போயின.

"யாரும்மா அது?"

"இன்னா பேரு வெச்ச நீ இதுக்கு? சாக்கடையா? இங்க புடிச்ச எறாவத்தான் உன் கம்பெனிக்காரங்க வாங்கினு போறாங்க. சாக்கடை எறாவா துன்றீங்க?"

யாரோ ஒருத்தி கூடைக்குள்ளேயே சிரித்தாள்.

"எங்க காகிதத்துல அப்படித்தான் இருக்கு. ஏதோ ஒரு பேரு, விடேன்."

"ஏதோ ஒண்ணா? சாக்கடைன்னு பேரு வெச்சாத்தானே அழுக்க வுட முடியும்? ஓடையில வுடப்போறோம்னு தமுக்கடி பாப்போம். ஊரே காறித் துப்பும்!"

"ஒருத்தி கத்தினா செல்லாது. மத்தவங்க சும்மாத்தானே இருக்காங்க?"

"சும்மா இல்ல நைனா. வாயில கூடை கீது."

செல்வம் குச்சியை இடுப்பில் சொருகினான். "தடை சொல்லிட்டாங்க சார். இனிமே நான் அடிக்கக் கூடாது."

தண்டபாணிக்கு முகம் சிவந்தது. "தமுக்கு வேணாம். கல்லை நடுங்கடா!"

ஆட்கள் கரையில் குழி தோண்டினார்கள். முழங்கால் ஆழம் வந்ததும் கல்லைத் தூக்கத் திரும்பினார்கள். அதற்குள் அடைக்கலமேரி சேலையில் சேறு சொட்டச் சொட்டக் கரையேறி வந்து குழிக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என் தலைமேல நடு."

ஆட்கள் கல்லை இறக்கிவைத்துவிட்டுத் தண்டபாணியைப் பார்த்தார்கள்.

ஓடைக்குள் சிலுவையம்மாள் தன் கூடையைப் பத்திரமாக அடுத்தவளிடம் கொடுத்தாள். ஒரு இறால்கூடச் சிந்தவில்லை. பிறகு மூச்சு வாங்க மேலேறி வந்தாள்.

"ஏ மேரி, தள்ளி ஒக்காருடி. குழி உனக்கு மட்டுமா?"

"அத்தே, நீதானே பேசாதன்னு கண்ணக் காட்டின?"

"கூடை ரொம்பி இருந்துச்சி. இப்பத்தான் கை காலியாச்சி. தள்ளுடி."

மற்ற பெண்களும் கரையேறினார்கள். குழியில் இடமில்லாமல் சுற்றி உட்கார்ந்தார்கள்.

நீர் ஏறத் தொடங்கியிருந்தது. தண்டபாணியின் செருப்பை முதல் அலை தொட்டது. அவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்; பாதி முழுகிவிட்டது.

"நாளைக்குப் போலீஸோட வரேன்."

"வா! எங்க போறேன்னு போலீஸு கேட்டா, நண்டோடைன்னு சொல்லிக் கூட்டினு வா. நாங்க இங்கதான் கீறோம்."

அவர் குடையை மடக்கிக்கொண்டு நடந்தார். ஆட்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். குழிக்குள் நீர் இடுப்புவரை ஏறியது. எழுந்திருக்க யாருக்கும் அவசரமில்லை.