கூலருக்கு அடியில் ஒரு மெல்லிய தாள்

ராங்கெலின் வீட்டில் இருப்பது ஒரே அறை. கட்டில், அடுப்பு, மேஜை, மைக், கணினி எல்லாம் அதற்குள்தான். கணினியை எந்த மூலைக்குத் தள்ளினாலும் மைக்கின் காதுக்குள்தான் இரையும். அதுவும் லேசுப்பட்ட கணினி இல்லை. மேல்மாடிக்காரன் இரவு பகலாக விளையாடுவதற்கென்று கட்டியது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். அதன் பிராசஸர் சும்மா இருக்கும்போதே சுடும். நாலு வரி பதிவு செய்தால் போதும், ஃபேன் பேய் பிடித்த மாதிரி கத்தும்.

முப்பது வருஷம் ரூசே நகர ரயில் நிலையத்தில் ரயில் வரவை அறிவித்த குரல் ராங்கெலுடையது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மனைவி சோங்கா இத்தாலியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "சாப்டீங்களா?" என்பாள். இவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் கிழவர் எழுந்துவிடுவார், வைத்துவிடுவாள். மற்ற ஆறு நாளும் இந்த மனுஷனிடம் பேச ஒரு நாதி கிடையாது.

பார்வையற்றோருக்கான ஒலிநூலகம் ஒன்று, வீட்டிலிருந்தே புத்தகம் வாசித்துக் கொடுக்க ஆள் தேடியது. ராங்கெலின் குரல் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் பதிலில் முகத்துக்கு நேராகவே எழுதிவிட்டார்கள். "குரலுக்குப் பின்னால் விமானம் கிளம்புகிறது. அடுத்த வாரச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் சத்தமில்லாத மாதிரிப் பதிவு வர வேண்டும். கூடவே, யாரும் பேசாத உங்கள் அறையை அரை நிமிடம் தனியாகப் பதிந்து அனுப்புங்கள். சரியாக இருந்தால் வேலை உங்களுக்கு. இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்போம்."

கணினி கட்டுகிற பைத்தியங்கள் கூடும் இணைய மன்றம் ஒன்றில் ராங்கெல் போய்க் கேட்டார். பிராசஸரின் சூட்டை இறக்க, சத்தமில்லாத கூலர் எது? அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"தண்ணி கூலர் போடுங்கண்ணே, ஜில்லுனு இருக்கும்" என்றான் ஒருவன்.

"போட்டா பம்ப் முனகும், மைக்குல விழும்" என்று எழுதினான் இன்னொருவன். "அண்ணன் புஸ்தகம் வாசிக்கப் போறாரா, மீன் வளக்கப் போறாரா?" அவனுடைய பட்டப்பெயர் 'டான்யூப் காற்று'. நிஜப்பெயர் யாவோர், இதே ஊர்க்காரன். கடைசியில் முடிவு சொன்னதும் அவன்தான். "பெரிய கோபுரக் கூலரா வாங்குங்க. ஆறு செப்புக் குழா இருக்கணும். பெரிய ஃபேன் மெதுவா சுத்தும், சின்னதுதான் லோலோன்னு கத்தும். உயரத்த மட்டும் அளந்துக்கோங்க, இல்லாட்டி பெட்டிக் கதவு மூடாது."

ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய விஷயத்தை ராங்கெல் நான்கு நாள் இழுத்தார். தெரிந்தே இழுத்தார். ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லி நன்றி எழுதினார், புரிந்ததையே திரும்பக் கேட்டார். காலையில் பல் விளக்கும் முன்பே மன்றத்தைத் திறந்து யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தார்.

கூலர் வந்தது. அளவு பார்த்து வாங்கியதால் பெட்டிக்குள் அம்சமாக உட்கார்ந்தது. புதன்கிழமை மாட்டிப் போட்டார். பழையதே தேவலை என்று ஆகிவிட்டது. ஐந்தே நிமிடத்தில் சூடு தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டது, புது ஃபேன் அலறியது. மன்றத்தில் போய் அழாத குறையாக எழுதினார்.

யாவோர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அடியில இருந்த தாள உரிச்சீங்களா?"

புதுக் கூலரின் அடிப்பகுதியில், கீறல் விழாமல் இருக்க, கண்ணுக்கே தெரியாத மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டு, சூடு கடத்தும் பசையை வைத்துத்தான் மாட்ட வேண்டும்; உரிக்காவிட்டால் பிராசஸரின் சூடு கூலருக்குப் போகாது. மாட்டுகிறவர்களில் பத்தில் ஒருவராவது மறந்துவிடுவார்கள். மறந்தவர்கள் அந்தத் தாளைப் படம் பிடித்து மன்றத்தில் 'வெட்கச் சுவர்' என்ற பக்கத்தில் தொங்கவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். தொங்கவிட்டவனை ஊரே சேர்ந்து ஓட்டும்.

ராங்கெலுக்குச் சுருக்கென்றது. "நான் முப்பது வருஷம் ரயில்வேல குப்ப கொட்டினவன். ஒரு தாள உரிக்கத் தெரியாதா எனக்கு?" என்று எழுதிவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அப்போ பசைலதான் கோளாறு. சனிக்கிழம பதினோரு மணிக்கு நானே வந்து பாக்குறேன். விலாசம் சொல்லுங்க."

வியாழக்கிழமை மதியம் மனசு கேட்காமல் ராங்கெல் கூலரைக் கழற்றிப் பார்த்தார். தாள் இருந்தது. பசையை மேலே பூசிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரே இழுப்பில் உரித்துவிடலாம். விரல் நகத்தில் ஓரத்தைத் தூக்கியும் விட்டார். அப்புறம்தான் அது உறைத்தது. உரித்துவிட்டால் சனிக்கிழமை யாவோர் எதற்கு வருவான்? இந்த வீட்டுக்கு ஆள் என்று வந்து எட்டு மாதம் ஆகிறது. கடைசியாக வந்தவர் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர், அவரும் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார். யாவோரால் வர முடியாமல் போனால் வேலை போயிற்று. ராங்கெலுக்கு அது தெரியாமலில்லை. தெரிந்தும், ஓரத்தைத் தடவி ஒட்டவைத்து, கூலரைப் பழையபடியே முடுக்கினார். கிறுக்குத்தனம்தான். ஆனால் அவருக்கு யாராவது வந்து உட்கார வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டைப் பெருக்கித் துடைத்தார். விருந்தாளி வீட்டுக்குள் போட்டுக்கொள்ளவென்று புதுச் செருப்பு வாங்கி வாசலில் வைத்தார். சனிக்கிழமை காலை பாலாடைக்கட்டி வைத்துப் பனித்ஸா சுட்டார், ரக்கியா சாராயத்துக்கு இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்துத் துடைத்து வைத்தார்.

யாவோர் சொன்ன நேரத்துக்கு வந்தான். நாற்பது வயதிருக்கும், கையில் பை. "அட, மூணாவது பிளாட்பாரம்!" என்றான், கதவைத் திறந்த ராங்கெலின் குரலைக் கேட்டதும். "சின்ன வயசுல உங்க கொரல்தாண்ணே எங்கள வண்டிக்கு ஓட வச்சது."

"வா தம்பி, வா. செருப்பு இருக்கு பாரு, போட்டுக்கோ."

"நேரமில்லண்ணே, ஷூவ நல்லா தொடச்சுக்கிறேன். பொண்டாட்டி டைல்ஸ் கடைல நிக்கிறா."

பெட்டியைத் திறந்தான், நான்கு திருகைத் தளர்த்தினான், கூலரைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். சிரிக்கப் போனவன் சிரிக்கவில்லை. வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தான்.

"தாள் இருக்கேண்ணே."

"இருக்கா?" என்றார் ராங்கெல். முப்பது வருஷம் பிசிறில்லாமல் பேசிய குரல் அந்த ஒரு சொல்லில் தடுமாறியது.

"பசைல ரெண்டு தடம் இருக்கு. ஒரு தடவ கழட்டிட்டு மறுபடியும் மாட்டியிருக்கீங்க. ஓரம் வேற தூக்கியிருக்கு." யாவோர் மேஜையைப் பார்த்தான். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். "ஒரு காப்பிக்குக் கூப்பிட்டிருக்கலாமேண்ணே."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?"

யாவோர் தாளை உரித்தான். துடைத்தான். பட்டாணி அளவு பசை வைத்து, கூலரை உட்காரவைத்து, திருகுகளை மாற்றி மாற்றி முடுக்கினான். கடைசித் திருகையும் முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"வந்திருக்க மாட்டேண்ணே."

ராங்கெல் தலை குனிந்தார். பொய் சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கணினியைப் போட்டார்கள். விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. யாவோரின் போன்தான் அடித்தது. "இதோ கிளம்பிட்டேன்மா" என்றான். ராங்கெல் ஒரு துண்டு பனித்ஸாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்க, வாங்கிக்கொண்டான். "இத சுவத்துல போட வேண்டாம்ணே, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று தாளை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். வந்து இருபது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

ராங்கெல் ஒரு பக்கம் வாசித்துப் பதிந்தார். பிறகு, கேட்டிருந்தபடி, மைக்கைத் திறந்துவைத்து அரை நிமிடம் அசையாமல் உட்கார்ந்தார். ஃபேன் சுற்றுகிறதா என்றே தெரியவில்லை. இதுவரை அந்த இரைச்சலாவது அறையில் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. மூச்சு விழுந்துவிடக் கூடாதே என்று மூச்சையும் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் அனுப்பிவிட்டு, ஒரு டம்ளரை எடுத்து அலமாரியில் வைத்தார்.

திங்கட்கிழமை ஒலிநூலகத்திலிருந்து பதில் வந்தது. "வாழ்த்துகள், வேலை உங்களுக்கே. அறைப் பதிவு மிகப் பிரமாதம். உள்ளே யாருமே இல்லாத மாதிரி இருக்கிறது."

ராங்கெல் அதை அறிவிப்புக் குரலில், நிறுத்தி நிதானமாக, ஒரு தடவை வாய்விட்டு வாசித்தார்.